தவறவிட்ட தருணங்களைப் படிக்கத் துணைநின்றோருக்கு

அன்புடையீர்,

வணக்கம். இலங்கை இனப்பிரச்சினைக்குத் தீர்வாக எழுதப்பட்டு, பெரும்பாலும் கையொப்பமும் இடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட உடன்படிக்கைகளை மூலத்திலேயே படித்துப் பார்ப்பது என்ற நோக்குடன் வெள்ளவத்தையில் எங்கள் வாசிப்பு வட்டம் நடத்திவந்த ஞாயிறு மாலை அமர்வுகள் நிறைவுக்கு வந்துவிட்டன. மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டோம். ஆனால் வராமலே உதவியவர்களும், வந்தும் முன்வரிசைக்கு வராமல் உழைத்தவர்களும் பலர். அவர்கள் செய்தது எத்தகைய உதவி என்பதை எழுத்தில் பதிந்து வைப்பதே முறை என்று நண்பர்கள் கருதியதால், அனைவரின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதனால் எவரது பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, அரச மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்று இப்போது தெஹிவளையில் வசிக்கும் ஐயாவுக்கு உரியது. 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றி நம்மில் எல்லோரும் பேசுவோம். படித்தவர்கள் மிகச் சிலர். ஐயா அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் மூன்று நிரல்களாக அமைத்து, ஒவ்வொரு வாசகமும் மற்ற இரண்டுக்கும் நேர்நேராக வரும்படி செய்து தந்தார். அன்று மண்டபத்தில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் தமது நிரலை உரத்து வாசித்துக்கொண்டே போய், முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவுதானா என்று அவர் கேட்டதில் பலருடைய வியப்பும் அடங்கியிருந்தது. வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ, மாகாண எல்லையைத் தாண்டியும் அவை விரும்பினால் இணையலாம், விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி, காணி அபிவிருத்தி, குடியேற்றம் ஆகியவற்றில் அவற்றுக்கு அதிகாரம், தமிழுக்கு ஒரு தேசிய சிறுபான்மையினரின் மொழி என்ற அங்கீகாரம். இதை ஏற்று, 1957 ஓகஸ்ட் 20 இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது. நாட்டைப் பிளக்கப்போகும் ஆவணம் என்று சொல்லப்பட்டதில் பிளவுக்கான எதையும் அன்று எங்களால் கண்டுபிடிக்க இயலவில்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு அடுத்த எட்டரை மாதங்களில் என்ன நடந்தது என்பதை எங்களுக்குக் காட்டியவர்கள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர். அவர்களுடைய தகப்பனார், ஒரு கணக்காளர், பத்திரிகைச் செய்திகளை வெட்டிப் பழைய பேரேட்டுப் புத்தகங்களில் கோதுமை மாப் பசையால் ஒட்டி, ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் திகதியைச் சிவப்பு மையால் எழுதிவைத்திருந்தார். பசை பட்ட இடமெல்லாம் பழுப்பேறி, ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. அக்குடும்பத்தினர் அந்தப் புத்தகங்களை எவருக்கும் இரவல் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் கொடுத்தார்கள். இதற்கு வெறும் நன்றி போதாது என்றே எண்ணுகிறேன்.

அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதுதான் காலவரிசை உறைத்தது. 1957 ஒக்டோபரில், அப்போது எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியில் இருந்த ஜே. ஆர். ஜெயவர்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். இம்புல்கொடவில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. 1958 இன் தொடக்கத்தில் இலக்கத் தகட்டில் சிங்கள ஶ்ரீ எழுத்துப் பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சி அந்த எழுத்துக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9 அன்று பிக்குகள் கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் உள்ள பிரதமரின் இல்லத்தின் முன் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தம் இரத்து என்று பிரதமர் வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுத்தில் கேட்டார்கள், எழுதியே கொடுத்தார். மே மாத இறுதியில் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் அதே இல்லத்தில், ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு அவரே பலியானார்.

என்னுடைய கணிப்பைச் சொல்கிறேன். நண்பர்கள் எல்லோரும் இதற்கு உடன்படவில்லை. பண்டாரநாயக்கவின் பிழை, பிக்குகள் வந்து அமர்ந்த அன்று பணிந்ததில் மட்டும் இல்லை. அதற்கு முந்திய எட்டரை மாதத்தில், நாட்டிலேயே தேர்ந்த பேச்சாளர்களில் ஒருவரான அவர், தாம் கையொப்பமிட்டதைத் தமக்கு வாக்களித்த கிராமங்களுக்குக் கொண்டுபோய் விளக்குவதைத் தம் முதற் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தை எதிர்த்தவர்கள் நிரப்பினார்கள். ஶ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை அந்த வேளையில் தொடங்கியது தமிழரசுக் கட்சியின் அவசரம் என்று ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் வாதிட்டபோது மண்டபம் சூடாகியது. பிரதேச சபைகளுக்கான சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருமா என்றே தெரியாத நிலையில் எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற எதிர்க்கேள்விக்கும் அவரிடம் நல்ல மறுமொழி இல்லை. இருவரும் வாதம் முடிந்து ஒரே ஓட்டோவில் வீடு திரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

1965 மார்ச் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்துக்கும் ஏறத்தாழ இதே கதி. 1981 இன் மாவட்ட அபிவிருத்தி சபைகளைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை; தேர்தல் ஜூன் 4 ஆம் திகதி, யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது அதற்குச் சில நாட்களுக்கு முந்திய இரவு. அதற்கு மேல் அங்கே விளக்க என்ன இருக்கிறது?

ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் சகோதரிக்கு நான் தனியே நன்றி கூற வேண்டும். வடக்கு, கிழக்கு என்றே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, வெளிநாட்டுக் கொள்கை ஒரு மனிதரின் வீட்டு வாசல் வரை எப்படி வந்து நிற்கும் என்பதைக் காட்டியவர் அவர். 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் நாடற்றவர்களாக இருந்த 975,000 மலையகத் தமிழரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். 1974 இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அந்த மக்களின் தலைவர்களை இதில் ஒரு தரப்பாக எவரும் கருதவில்லை. சகோதரி கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் இருந்தவை அவருடைய பாட்டனாரின் விண்ணப்பப் பற்றுச்சீட்டும், தலைமன்னாரில் கப்பலேறிப் போன பாட்டனாரின் தம்பி தமிழ்நாட்டிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றும். தேயிலை பறிக்கத் தெரிந்த தன்னை இங்கே எல்லோரும் சிலோன்காரன் என்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இரு அரசுகளும் இதனை இராஜதந்திர வெற்றியாகக் கொண்டாடின. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடன்தான் பெரும்பாலும் தீர்ந்தது. சுதந்திரத்தின் தொடக்கத்தில், 1948 இலேயே, பாராளுமன்றத்தில் ஒரு நாள் வாக்கெடுப்பில் முடித்திருக்கக்கூடிய காரியம் அது.

வெளிநாட்டுச் சேவையில் நீண்ட காலம் பணியாற்றிய பெரியவர் ஒருவர், உடல்நலம் இடங்கொடாத நிலையிலும், 1987 ஜூலை 29 இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையை எங்களுடன் வரிவரியாகப் படித்தார். உடன்படிக்கையைவிட அதனுடன் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களை ஊன்றிப் படியுங்கள் என்பது அவரது அறிவுரை. திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் ஆகியவை பற்றி இலங்கை இந்தியாவுக்கு என்ன உறுதி கொடுத்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. மேற்கு நாடுகளை நம்பி அயலவரைப் பகைத்துக்கொண்டதன் விலையை, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெயவர்தன, வடமராட்சியில் இலங்கைப் படை நடத்திய தாக்குதலின் பின் ஜூன் 4 இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவு போட்ட பிறகே கணக்கிட்டார் என்றார் பெரியவர். எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய கூட்டு ஏற்பாடு எத்தனையோ இழுபறிக்குப் பிறகும் 2022 ஜனவரியில் கையொப்பமாகியது. அதே உடன்படிக்கையின் பயனாக வந்த மாகாண சபைகளுக்கோ பொலிஸ், காணி அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறையில் கிடைக்கவில்லை. வடக்கு, கிழக்கு இணைப்பை உயர் நீதிமன்றம் 2006 இல் செல்லாதது என்றது. பின்தொடர்வதற்கு ஆள் இருந்த பகுதி பிழைத்துக்கொண்டது. எந்தத் தமிழ்த் தரப்பும் அதில் கையொப்பமிடவில்லை என்பதும், இரு மாதங்களில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர் மூண்டு, காப்பாற்ற வந்ததாகச் சொன்ன படை யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே மக்களைக் கொன்றதும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டியவை.

இனிக் கடினமான அமர்வு. புத்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், எங்கள் அழைப்பை ஏற்று பஸ் ஏறி வந்தார். கொழும்பு ஆட்சியாளர்கள் தவறவிட்டவற்றை இத்தனை வாரம் எண்ணினீர்களே, நம் பக்கம் தவறவிட்டவற்றை எப்போது எண்ணப் போகிறீர்கள் என்று கேட்டார். நம் பக்கம் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

அவருடைய கேள்வி இல்லாவிட்டால் 2002 ஐயும் அதற்கடுத்த ஆண்டுகளையும் நாங்கள் இவ்வளவு நேர்மையாகப் படித்திருக்க மாட்டோம். 2002 பெப்ரவரி 22 இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் யுத்தநிறுத்த உடன்படிக்கை. டிசெம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டிக் கட்டமைப்பின் அடிப்படையில் தீர்வொன்றை ஆராய இரு தரப்பும் இணங்கின. செல்வநாயகம் வாழ்நாளெல்லாம் கேட்டது அது. நான்கு மாதம் கழித்து, 2003 ஏப்ரலில், வாஷிங்டனில் நன்கொடை நாடுகளின் ஆயத்தக் கூட்டம் நடந்தது. அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட இயக்கமாக இருந்த புலிகள் அதில் கலந்துகொள்ள வழியில்லை. கூட்டத்தை வேறு நாட்டில் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அம்மாதம் 21 ஆம் திகதி புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டொலர் வாக்களிக்கப்பட்டபோது அவர்களுடைய நாற்காலி வெறுமையாக இருந்தது. இந்த இடத்தில் குற்றம் யாருடையது என்று எங்கள் மண்டபத்தில் தீரவில்லை. ஒரு கூட்டத்துக்கு அழைக்கப்படாத கோபத்துக்காக ஒஸ்லோ வாசகத்தையே கைநழுவ விட்டது பெரும் பிழை என்பதே என் எண்ணம். ஒஸ்லோவிலும் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு இருக்கவில்லை என்பதை ஆசிரியர் நினைவூட்டினார். சுனாமி உதவியைப் பகிர அரசும் புலிகளும் 2005 ஜூனில் கையொப்பமிட்ட பொதுக்கட்டமைப்பிலும் அவ்வாறே, அதனையும் மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) எதிர்க்க, உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே முக்கிய பகுதிகளுக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் வடக்கில் மக்கள் வாக்களிக்காமல் புலிகளால் தடுக்கப்பட, ஏறத்தாழ 180,000 வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதி ஒருவர் தெரிவானார். அதன்பின் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த கதையை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்றைய அமர்வில் உறவுகளை இழந்த தாய்மார் இருவர் இருந்தார்கள். நடுவில் எழுந்து போய்விடுவார்கள் என்று நான் அஞ்சினேன். கடைசி வரை இருந்தார்கள். ஒருவர் ஆசிரியரிடம் போய், உங்கள் யாழ்ப்பாண வீடு எந்தத் தெருவில் என்று விசாரித்தார். அவர்களுக்கு எங்கள் தலைவணக்கம்.

மின்கட்டணத்தைக்கூட வாங்க மறுத்து மண்டபத்தைத் தந்த உரிமையாளருக்கும், ஒவ்வொரு ஞாயிறும் தேநீருடன் சுடச்சுட உளுந்து வடை அனுப்பிய அக்காவுக்கும், மங்கிய எழுத்துகளைக் கணினியில் ஏற்றித் தந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கும், கேட்ட கோப்பைச் சலிக்காமல் எடுத்துத் தந்த தேசிய சுவடிகள் கூடத்து ஊழியர்களுக்கும், சிங்களத்தில் விளக்கம் தேவைப்பட்டபோதெல்லாம் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தம்பிக்கும் நன்றி. அவர் தம் குரலைத் தாழ்த்தவே அறியாதவராதலால் மண்டபம் முழுவதும் அவரது சிங்களத்தைக் கேட்டுப் பயனடைந்தது.

கொட்டாஞ்சேனைக் குடும்பத்தினரின் பேரேடுகள் பூச்சி மருந்திட்டு, புதிய உறை போட்டு, அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மூன்று நிரல்களில் அமைந்த உடன்படிக்கைத் தொகுப்பின் போட்டோ கொப்பிகள் சில எங்களிடம் மீதமாக உள்ளன; பாடசாலை நூலகங்களுக்கும், கேட்டு எழுதும் ஆசிரியர்களுக்கும் முதலில் கொடுக்க எண்ணியிருக்கிறோம். 2000 ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதி மட்டும் இன்னும் சில பக்கங்கள் குறைவாக இருக்கிறது. பாராளுமன்றத்திலேயே அதன் பிரதிகளைத் தீயிட்டார்கள் என்பது தெரிந்ததே. யாருடைய வீட்டு அலுமாரியிலாவது ஒரு முழுப் பிரதி இருந்தால், பிரதியெடுத்துவிட்டு உடனே திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
வாசிப்பு வட்டத்தின் சார்பில்
ஒருங்கிணைப்பாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6