மச்சான், காலிப்பர மாத்தறதுக்கு முன்னாடி இதப் படி

மச்சான்,

லெட்டர் கெடச்சிது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சி இப்ப பேப்பர் படிக்கிறாங்கன்னு எழுதியிருந்தியே, வீட்ல எல்லாருக்கும் படிச்சி காட்னன், அவ்ளோ சந்தோஷம். இங்க பெரியவளுக்கு பரிச்ச முடிஞ்சிது, வில்லியனூர் தேருக்கு எல்லாரும் போய்ட்டு வந்தோம், மத்தபடி எல்லாம் சொகம்தான்.

ஆனா கடைசில வண்டி பத்தி நாலு வரி எழுதியிருக்கியே, அதுதான் மனச அரிச்சிக்கிட்டே இருக்கு. உன் மாருதி ஜென் கார்ல முன்பக்கம் இடது வீல் கை வைக்க முடியாம சுடுது, கருகுன வாட வருது, வண்டி இடது பக்கமே இழுக்குது, மெக்கானிக் ரெண்டு காலிப்பரும் மாத்தணும்னு சொல்றார்னு. இரு மச்சான், அவசரப்படாத. காலிப்பர்னா வீலோட சுத்தற டிஸ்க்க பிரேக் பேட், அதான் தேயற கட்டைங்க, வச்சி கவ்விப் புடிக்கற இரும்புக் கவ்வி. பிரேக் புடிச்சிக்கிட்டு விடலன்னா அது மட்டும்தான் காரணம்னு இல்ல. எங்க மாட்டிக்கிதுன்னு கண்டுபுடிக்காம பொருள மாத்துனா காசும் போவும், திரும்பவும் புடிச்சிக்கும்.

மொதல்ல வண்டிய சமதரைல நிறுத்தி, பின் வீலுக்கு கல்லு வச்சி, ஜாக்கி போட்டு தூக்கு, ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டும் குடு. பிரேக்க நல்லா மிதிச்சி விட்டுட்டு வீல கையால சுத்திப் பாரு. சுத்தலன்னா காலிப்பர் மேல ஆயில வெளிய விடறதுக்குன்னு இருக்கற சின்ன திருகு, அந்த ப்ளீடர் நிப்பிள கொஞ்சமா லூஸ் பண்ணு. பிரேக் ஆயில் சர்ருன்னு பீச்சி வீலும் ஃப்ரீ ஆயிடுச்சின்னா, உள்ள ப்ரஷர் திரும்பி போவ வழியில்லாம நிக்கிதுன்னு அர்த்தம், கோளாறு காலிப்பர்ல இல்ல, காலிப்பருக்கு ஆயில் கொண்டு போற ரப்பர் ஹோஸ்லயோ, பெடல மிதிச்சா ஆயில தள்ற மாஸ்டர் சிலிண்டர்லயோ இருக்கு. நிப்பிள தொறந்தும் வீல் அசையலன்னா அது துரு சமாச்சாரம், பேட தள்ற பிஸ்டனோ, காலிப்பர் நகர்றதுக்கு இருக்கற கம்பி, அந்த ஸ்லைட் பின்னோ ஜாமாயிருக்கு. இந்த ஒரு சோதனைய அந்த மெக்கானிக் பண்ணாரான்னு கேளு, பண்ணலன்னா கூடவே நின்னு பண்ண வை.

ப்ரஷர்தான்னு தெரிஞ்சா, நிப்பிள டைட் பண்ணிட்டு திரும்ப ஒருதரம் மிதிச்சி வீல் புடிச்சதும், இரும்பு பைப் ரப்பர் ஹோஸோட சேர்ற எடத்துல நட்ட லூஸ் பண்ணு. அப்பவும் வீல் விடலன்னா அந்த ஹோஸ்தான். அங்க தொறந்ததும் விட்டுச்சின்னா மேல மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போ. ரெண்டு முன் வீலும் சேந்து புடிச்சா மாஸ்டர் சிலிண்டர் மேலதான் மொத சந்தேகம், உனக்கு ஒரு பக்கம்தான்றதால எனக்கு ஹோஸு, அது இல்லன்னா ஸ்லைட் பின்னுன்னுதான் தோணுது.

ஏன்னா என் வண்டிக்கும் இதேதான் வந்துச்சு. 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல்ல பாண்டி கிருஷ்ணா நகர்ல தண்ணி நின்னுச்சே, அப்ப வண்டியும் தண்ணிக்குள்ளயே கெடந்துது, பெண்ணையாத்து வெள்ளத்துல உன் வண்டியும் நின்னுதுதானே. ஹோஸ கழட்டி நீளவாக்குல வெட்டிப் பாத்தன், வெளில ஒரு கீறல் இல்ல, உள்ள ரப்பர் ஊதிப்போய் ஊசி நொழையற அளவுகூட வழி இல்ல. மிதிக்கற வேகத்துக்கு ஆயில் முட்டிக்கிட்டு உள்ள போயிடுது, கால எடுத்தா திரும்ப வரதில்ல. காலிப்பர்ல பிஸ்டன பின்னுக்கு இழுக்க ஸ்ப்ரிங்னு ஒன்னும் கெடையாது, பிஸ்டன சுத்தி இருக்கற சீல் ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு, ப்ரஷர் விட்டதும் பழைய நெலைக்கு வரசொல்ல பிஸ்டன ஒரு மயிரிழை இழுத்துக்கும், அவ்ளோதான். ப்ரஷர் உள்ளயே நின்னுட்டா அது பாவம் என்ன பண்ணும்.

ஸ்லைட் பின் ஜாமாயிருந்தா உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருக்காது, பாத்ததும் தெரியும். அந்த ஸ்லைட் பின்ன கழட்டி துருவ எடுத்து, பிரேக்குக்குன்னு விக்கற சிலிக்கான் கிரீஸ் போடு. சாதா கிரீஸ், பெட்ரோல், இஞ்சின் ஆயில் எதுவும் அந்த ரப்பர்கிட்டயே போவக்கூடாது, ஊதிடும். பிஸ்டன்ல குழி குழியா துரு ஏறியிருந்தா தேய்ச்சி போடாத, பிஸ்டனும் சீல் கிட்டும் மாத்திடு. கழட்டுன காலிப்பர ஹோஸ்ல தொங்க விடாம கம்பில கட்டு. ஹோஸ் மாத்தினா ரெண்டு பக்கமும் சேத்து மாத்திட்டு, லைன்ல மாட்டியிருக்கற காத்த வெளியேத்தி, ஆயிலும் புதுசா போடு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நம்ம கடலோர ஊர்ல கேக்கவே வேணாம். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசுல கொறஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி சேந்தா அது 140 கிட்ட எறங்கிடும். உன் வீல் இருக்கற சூட்டுக்கு ஆயில் கொதிச்சி ஆவி கட்னா பெடல் ஒரே மிதில தரைக்கு போயிடும் மச்சான்.

அதனால சனிக்கிழமை அம்மாவ ஏத்திக்கிட்டு அந்த வண்டில பாண்டிக்கு வராத. கன்னியகோயில் ரோட்ல லாரிங்க வர்ற வேகம் உனக்கே தெரியும். பஸ்ல வாங்க, இல்லன்னா நானே ஞாயித்துக்கிழமை டூல்ஸ் எடுத்துக்கிட்டு கடலூர் வரன், ஹோஸ் ரெண்டும் இங்கயே வாங்கிடுறன். வண்டி என்ன வருஷம் மாடல்னு ஆர்சி புக்க பாத்து எழுது.

அம்மாவ கேட்டன்னு சொல்லு.

உன் மச்சான்