பெயர் சொல்ல வேண்டாம் என்ற அக்காவுக்கு

தருமபுரியில் காலை நடையில் பழக்கமான அக்காவுக்கு இந்த நன்றி.

எனக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோனேன். அக்காவுக்கும் அதே பிரச்சினைதான். இன்சுலின் சுரந்தாலும் செல்கள் அதற்குச் சரியாக இசைவதில்லை, சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் களி விஷயம். சர்க்கரைக்கு நல்லது என்று நம்ம ஊரில் ராகிக் களியை அளவில்லாமல் வைப்பார்கள். 100 கிராம் ராகி மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சின்ன உருண்டை ஒன்று போதும், கீரையும் கொள்ளுக் கடைசலும் தாராளமாக வைத்துக்கொள் என்றார்.

வாராவாரம் எடையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். எடை ஏறிய வாரத்திலும் அவர் குரலில் அன்பு குறைந்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய பலம். இதுவரை 6 கிலோ குறைந்திருக்கிறது. மனசார நன்றி அக்கா, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குச் சேர்ந்தே போவோம்.