ஊருபங்கத்தை எழுதியது யார் என்று கேட்டாயே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத முடியவில்லை, அம்மாவுக்குக் கண்புரை எடுத்தோம். நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது டிவியின் அடியில் ஓடும் எழுத்தைக் கூடத்தின் அந்தக் கடைசியிலிருந்தே படித்துச் சொல்கிறார்கள். நீ ஓய்வுபெற்றதும் மறுபடி நாடகம் பார்க்கக் கிளம்பிவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஊருபங்கம் என்ற சமஸ்கிருத நாடகம் பார்த்தாய், தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் தன் சின்ன மகனை மடியில் உட்காரவிடாமல் தடுக்கும் இடத்தில் அழுதாய். பக்கத்து இருக்கைக்காரர் இது பழைய சமஸ்கிருத நாடகாசிரியன் பாசன் எழுதியதே இல்லையாம் என்று சொல்லியிருக்கிறார், அதையும் எழுதிவிட்டு “யார் எழுதினால் என்ன, நாடகம் நன்றாக இருந்தது” என்று முடித்துவிட்டாய். அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

கதை நம் ஊர்ப்பக்கம்தான் தொடங்குகிறது. 1909, 1910 வாக்கில் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரையில், ஒரு மடத்தில், கணபதி சாஸ்திரிக்கு ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது. மனிதர் திருநெல்வேலிப் பக்கம் தருவைக்காரர், அப்போது திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதச் சுவடிகளைப் பதிப்பிக்கும் வேலையில் இருந்தார். 105 ஓலை, பழைய மலையாள எழுத்து, உள்ளே 10 சமஸ்கிருத நாடகங்கள். பிற இடங்களில் தேடியதில் எண்ணிக்கை 13 ஆனது, 1912-லிருந்து அச்சில் வரத் தொடங்கின. நாம் தக்கலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பக்கம்தான் இதெல்லாம், அன்றைக்கு அது திருவிதாங்கூர்.

அது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்றால், பாசன் என்ற பேர் எல்லோருக்கும் தெரியும், கையில் ஒரு நாடகம்கூட இல்லை. காளிதாசனே மாளவிகாக்னிமித்திரத்தின் தொடக்கத்தில், பாசன் போன்ற புகழ்பெற்றவர்கள் இருக்கும்போது இந்தப் புதுக் கவிஞனின் நாடகத்தை எதற்குப் போட வேண்டும் என்று ஒரு பாத்திரத்தைக் கேட்க வைக்கிறான். காளிதாசனுக்கே மூத்தவன் ஒருவனின் நாடகங்கள் மொத்தமாகக் கிடைத்துவிட்டன என்றால் உலகம் துள்ளாதா?

ஆனால் அந்த ஓலைகளில் எந்த நாடகத்திலும் ஆசிரியர் பேர் இல்லை. வழக்கமாக நாடகத்தைத் தொடங்கிவைக்கும் சூத்திரதாரன் மேடைக்கு வந்து இன்னார் எழுதிய இன்ன நாடகம் என்று அறிவிப்பான், இங்கே அது கிடையாது. பாசன் பேரைச் சேர்த்தது சாஸ்திரியின் வாதம்தான். ஏழாம் நூற்றாண்டுக் கவி பாணபட்டர், பாசனின் நாடகங்கள் சூத்திரதாரனால் தொடங்கப்படுபவை என்று புகழ்ந்திருக்கிறார். இந்த 13-ம், நாந்தி என்ற தொடக்க வாழ்த்து முடிந்ததும் சூத்திரதாரன் நுழைகிறான் என்றுதான் ஆரம்பிக்கின்றன. ராஜசேகரனுடையது என்று வழங்கும் ஒரு சுலோகம், விமர்சகர்கள் பாசனின் நாடகங்களையெல்லாம் நெருப்பில் போட்டுச் சோதித்தபோது சொப்பன வாசவதத்தத்தை மட்டும் நெருப்பு எரிக்கவில்லை என்கிறது. அந்தப் பேரில் ஒரு நாடகம் இந்தச் சுவடிக் கட்டுக்குள் இருக்கிறது. மீதி 12-ம் நடையில் அதைப் போலவே இருக்கின்றன, ஆக எல்லாம் ஒரே கை. இதுதான் வாதம்.

இந்த வாதத்தின் முதல் தூணைச் சீக்கிரமே தட்டிவிட்டார்கள். தென்னிந்தியச் சுவடிகளில் மற்றவர்களின் நாடகங்களும் அப்படியேதான் ஆரம்பிக்கின்றன. நம் காஞ்சி மகேந்திரவர்ம பல்லவனின் மத்தவிலாசம்கூட அப்படித்தான், ஆனால் அதில் ராஜாவின் பேர் இருக்கிறது. பார்னெட் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். இந்த நாடகங்கள் பலவற்றின் கடைசி வாழ்த்தில் ‘ராஜசிம்மன் ஆளட்டும்’ என்று வருகிறதே, அந்த ராஜசிம்மன் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன், எழுதியது அவன் அவைக்களத்துக் கவிஞன் என்றார். காஞ்சி கைலாசநாதர் கோயில் கட்டிய பல்லவ ராஜசிம்மனைச் சொன்னவர்களும் உண்டு. உனக்கும் எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை வரும், சமஸ்கிருதத்தின் ஆதி நாடகங்கள் மதுரையிலோ காஞ்சியிலோ எழுதப்பட்டன என்று சொல்லிக்கொள்ள. ஆனால் சொப்பன வாசவதத்தத்தின் அந்த வாழ்த்தைப் படித்துப் பார்: கடல் வரை பரந்து, இமயத்தையும் விந்தியத்தையும் காதணிகளாகப் பூண்ட பூமியை ராஜசிம்மன் ஒரு குடைக்கீழ் ஆளட்டும். வைகைக் கரையில் இருப்பவன் தன் ராஜாவை வாழ்த்தும்போது பொதிகையை விட்டுவிட்டு விந்தியத்தைத் தேடிப் போவானா? எனக்கு அது ஒட்டவில்லை. அதோடு, ராஜசிம்மன் என்பது அரசர்களில் சிங்கம் என்று எந்த ராஜாவுக்கும் பொருந்துகிற பட்டம்தான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொன்று. 12-ஆம் நூற்றாண்டு நாடக இலக்கணம் ஒன்று, நாட்டியதர்ப்பணம், பாசன் எழுதிய சொப்பன வாசவதத்தம் என்று பேர் சொல்லியே ஒரு சுலோகத்தைக் காட்டுகிறது. பவழமல்லிப் பந்தலில் இருக்கும் கல்லைப் பார்த்து நாடகத்தின் நாயகன், ராஜா உதயணன் சொல்வது: பூக்கள் மிதிபட்டுக் கிடக்கின்றன, கல்லில் இன்னும் சூடு இருக்கிறது, யாரோ இங்கே உட்கார்ந்திருந்து என்னைக் கண்டதும் எழுந்து போயிருக்க வேண்டும். மணலிக்கரைப் பிரதியில் இந்தச் சுலோகம் இல்லை! ஆனால் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது. நாலாம் அங்கத்தில் வாசவதத்தையும் ராஜாவின் புது மனைவி பத்மாவதியும் பவழமல்லி பார்க்க வருகிறார்கள், சேடி பூப்பறிக்கிறாள், இவர்கள் கல்லில் உட்காருகிறார்கள், ராஜா வருவதைக் கண்டு கொடிப்பந்தலுக்குள் ஒளிகிறார்கள். இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பும் மனைவி நாலடி தூரத்தில் நிற்க, அவள் உட்கார்ந்திருந்த கல்லின் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறான் அவன். அந்த வரியை யார் வெட்டினார்களோ, எனக்கு மனசே ஆறவில்லை.

இதை வைத்து, இது பாசனுடையது இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கற்பலகையும் பூவும் ஒளிதலும் இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறதென்றால் நாடகம் அதேதான். நம்மிடம் இருப்பது மேடைக்காகக் குறைத்த நடிகர்களின் பிரதி. அந்த நடிகர்கள் யாரென்று பார்த்தால் கேரளத்துச் சாக்கியார்கள், கூடியாட்டம் என்ற பழைய சமஸ்கிருத நாடகக் கலையை ஆடுகிறவர்கள். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடும் பறையூர்க் கூத்தச் சாக்கையன் நினைவிருக்கிறதா, அந்தப் பேர்தான். அவர்கள் ஒரு நாடகத்தை முழுசாக ஒரே இரவில் ஆடுவதில்லை, ஒரு அங்கத்தை எடுத்துப் பல இரவுகளுக்கு விரிப்பார்கள். அப்படி ஆடுகிறவர்கள் கையில் பிரதி நூற்றாண்டுகளாக இருந்தால் ஒரு சுலோகம் விழும், இன்னொன்று ஏறும், ஆசிரியர் பேரைச் சொல்லும் இடமும் உதிரும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ‘ஒரே கை’ வாதமும் ஆடிப்போகிறது. இருட்டு உடம்பில் பூசுகிறது, வானம் மையைப் பொழிகிறது என்று ஒரு அழகான வரி, இந்த 13-இல் உள்ள பாலசரிதத்திலும் இருக்கிறது, சாருதத்தத்திலும் இருக்கிறது. ஒரே ஆள் எழுதியதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். இரண்டையும் ஆடிய ஒரே குழு, இருட்டுக் காட்சி வந்தபோது தெரிந்த வரியை அங்கேயிருந்து இங்கே எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? நம் கோயில் கொடை நாடகங்களில் ஒரு கதையின் பாட்டு இன்னொரு கதையில் வந்து உட்கார்ந்துகொள்வதை நாமே பார்த்திருக்கிறோமே. சாருதத்தத்தின் கதி இன்னும் சிக்கல், அதன் நாலு அங்கமும் சூத்திரகன் எழுதிய மிருச்சகடிகம் என்ற நாடகத்தின் முதல் நாலு அங்கங்களோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, எது எதிலிருந்து வந்தது என்று இன்னும் வழக்கு நடக்கிறது.

ஆகவே நான் 13-ஐயும் ஒரு மூட்டையாகக் கட்டி ஒரு பேரை எழுத மாட்டேன். சொப்பன வாசவதத்தம் பாசனுடையது, நடிகர்கள் கை வைத்த நிலையில். அதன் முன்கதையான பிரதிஜ்ஞா யௌகந்தராயணமும் அப்படியே இருக்கலாம், பாத்திரங்களின் பேச்சில் அந்த உறவு தெரிகிறது. நீ பார்த்த ஊருபங்கத்துக்கு அந்தச் சாட்சி எதுவுமே இல்லை, அதன் பேர் சொல்லிப் பாசனைக் காட்டுகிற பழைய நூல் எனக்குத் தெரிந்து ஒன்றும் கிடையாது. மேடையிலேயே கதாநாயகன் சாகலாம் என்று துணிந்த ஒருவன், துரியோதனனுக்காக நம்மை அழவைத்த ஒருவன், பாசனைவிட எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை. அவன் வேறு ஆளாக இருந்தால், பெரிய பேர் ஒன்றை மேலே ஒட்டி அவனை நாம் இரண்டாம் முறை இல்லாமல் ஆக்குகிறோம். யார் எழுதினால் என்ன என்று என்னால் சொல்ல முடியாதது இதனால்தான் மக்கா. போஸ்டரில் ‘பாசனின் ஊருபங்கம்’ என்று போடுகிறவர்கள், ‘சாக்கியார் சுவடிகளிலிருந்து’ என்று ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும். அவர்கள் வெட்டினார்கள் என்று மேலே குறைப்பட்டுக்கொண்டேன், ஆனால் அவர்கள் ஆடியிராவிட்டால் சாஸ்திரிக்கு அந்தக் கட்டே கிடைத்திருக்காது.

பொங்கலுக்கு நீ இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய், குடும்பத்தோடு வா. வருவதற்குள் மிருச்சகடிகத்தின் முதல் நாலு அங்கத்தைப் படித்துவிடு, சாருதத்தம் என்னிடம் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மூத்தது என்று நீ சொல்லு. மேடையில் நின்றவன் நீ, எந்த வசனம் நடிகன் வாயில் தேய்ந்தது என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். மதினியைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்