போலி ஆற்காட்டு ரூபாய்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தராசுக் கடை உரிமையாளர்,
லாங்கு பஜார், வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பழம்பொருள் விற்பனைப் பிரிவு.

பொருள்: உங்கள் தளத்தில் "நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையோடு விற்கப்பட்ட இரண்டு வெள்ளி நாணயங்களும் போலி, பணத்தைத் திருப்பித் தருதல் மற்றும் விற்பனையாளர் விவரம் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் தளத்தில் இரண்டு வெள்ளி நாணயங்கள் வாங்கினேன். ஒன்று, நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்த 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கும்பெனி ரூபாய். மற்றொன்று ஆற்காட்டு ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து ரூ.6,480 செலுத்தியிருக்கிறேன். இரண்டும் போலி. இதைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறொரு பெயருடைய ஒருவர் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதுகிறார். அவர்கள் வருத்தம் எனக்கு வேண்டாம், பணம் வேண்டும். ஆகவே, சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலர் என்ற முறையில் உங்களுக்கே இதை எழுதுகிறேன்.

தராசும் எடைக்கல்லும் விற்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் குடும்பத் தொழில். அதனால் நாணயம் கைக்கு வந்ததும் எனக்கு முதலில் உறுத்தியது அதன் எடைதான். 1835ஆம் ஆண்டு ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுவேதான் ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை என்று எங்கள் கடையின் பழைய கணக்கு முழுவதும் இந்த ஒரு நாணயத்தின் எடையில்தான் நின்றது. படிக்கல் கைவசம் இல்லாவிட்டால் ரூபாயையே தட்டில் போட்டு நிறுப்பார்கள். நாட்டு மருந்துக் குறிப்புகளில் "ரூபாய் எடை" என்று வருவதும் இதைத்தான். நீங்கள் அனுப்பியது 9.82 கிராம். கிட்டத்தட்ட இரண்டு கிராம் குறைவு.

இதற்கு விற்பனையாளர் தந்த விளக்கத்தை உங்கள் ஊழியர் அப்படியே எனக்கு அனுப்பிவைத்தார்: "பழைய நாணயம் என்பதால் தேய்மானம் ஏற்பட்டு எடை குறைந்திருக்கலாம்." தேயட்டும், மறுக்கவில்லை. எங்கள் தாத்தாவின் கல்லாவில் கிடந்து தேய்ந்த விக்டோரியா ரூபாய்கள் என்னிடம் இருக்கின்றன. ராணியின் கன்னமும் கூந்தலும் மழுங்கிப்போன அந்த நாணயங்கள்கூட 11.4 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை. ஆறில் ஒரு பங்கு எடை தேய்ந்துபோன நாணயத்தில் மன்னரின் முகம் மிஞ்சியிருக்காது. இந்த நாணயத்திலோ மன்னரின் தலைமுடி சுருள் சுருளாக இருக்கிறது, சுற்றுவரம்பு முழு உயரத்தில் நிற்கிறது. தேய்மானம் உருவத்தைத் தொடாமல் உலோகத்தை மட்டும் தின்றதா?

பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்த்தேன். அசல் ரூபாயின் விளிம்பில் பற்கள் நேராகவும் சீராகவும் ஓடும். இதில் விளிம்பைச் சுற்றி நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அந்தக் கோட்டை மறைக்க யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த இடத்தில் பற்கள் சாய்ந்து, சில இடங்களில் காணாமலே போயிருக்கின்றன. இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்து உலோகத்தை ஊற்றி வார்த்தால் வரும் தையல் அது. அசல் ரூபாய் வார்க்கப்பட்டதே அல்ல, நாணயச்சாலையில் அச்சு வைத்து அழுத்தி அடிக்கப்பட்டது. வில்லியம் பெயருக்குப் பின்னால் நான்கு என்பதை IV என்று போடாமல் IIII என்று நான்கு தனிக் கோடுகளாகப் போட்டிருப்பது இந்த நாணயத்தின் அடையாளங்களில் ஒன்று. போலியிலும் அது பிசகாமல் இருக்கிறது. ஓர் அசலை வைத்து அச்செடுத்தால் எழுத்து எப்படிப் பிசகும்? உங்கள் தளத்தில் உள்ள படத்தைப் பார்த்து எந்த வாடிக்கையாளராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் உங்கள் "சரிபார்க்கப்பட்டது" முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம்.

எடையோடு நிறுத்தவில்லை. நாணயத்தை நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன். 8.67 கிராம் வந்தது. அதாவது எடை 1.15 கிராம் குறைந்தது; அது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 9.82ஐ 1.15ஆல் வகுத்தால் அடர்த்தி ஏறத்தாழ 8.5. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி உள்ள ரூபாய்க்கு இது 10.3ஐ ஒட்டி வர வேண்டும். எட்டரை என்பது பித்தளையின் கணக்கு. பிறகு நகைக்கடை ஒன்றில் உள்ள காரட் பார்க்கும் எந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதன் கீழே செம்பும் துத்தநாகமும். அங்கிருந்த பத்தர், விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் மஞ்சள் தெரிந்துவிடும் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பிறகு நீங்கள் நான் கீறிவிட்டேன் என்பீர்கள்.

விற்பனைப் பக்கத்தில் ஒரு காணொளி இருக்கிறது. காந்தத்தை நாணயத்தின் அருகே கொண்டுபோகிறார்கள், ஒட்டவில்லை, "அசல் வெள்ளி" என்று எழுத்து மின்னுகிறது. பித்தளையும் செம்பும்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் இரும்பு கலந்தது என்று சந்தேகிக்கலாம், ஒட்டாததால் வெள்ளி என்று எவரும் சொல்ல முடியாது. உங்கள் நிபுணர்கள் அந்தக் காணொளியைப் பார்த்தபிறகுதான் அனுமதித்தார்களா?

இனி ஆற்காட்டு ரூபாய். உண்மையில் என் கோபம் முழுவதும் இதன் மேல்தான். ஆற்காடு எங்களுக்குப் பக்கத்து ஊர், பாலாற்றின் தென்கரை. அந்த ஊர்ப் பெயர் பாரசீக எழுத்தில் பொறித்த நாணயம் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. இது பிறைக் குறி உள்ளது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த வகை. சென்னையில் ஆங்கிலேயக் கும்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை இருக்கும். உங்கள் தளத்தில் இதற்குக் கொடுத்திருந்த குறிப்பு என்ன தெரியுமா? "ஆற்காடு நவாப் திப்பு சுல்தான் காலத்து அரிய நாணயம்." திப்பு மைசூரை ஆண்டவர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா வேறு, அவர் பெயரில் வாலாஜாபேட்டை இன்றும் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகள் 1806 வரை இந்த வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தார்கள். குறிப்பு எழுதியவருக்குச் சரித்திரம் தெரியாமல் இருக்கலாம், சரிபார்த்த நிபுணருக்கும் தெரியாதா?

ஆற்காட்டில் உள்ள நண்பர் ஒருவரும் அதே பக்கத்திலிருந்து அதே நாணயத்தை வாங்கியிருந்தார். நான் வாங்கும்போது "ஒன்று மட்டுமே மீதம்" என்று காட்டிய பக்கம் அது. இரண்டையும் என் மேசைமேல் அருகருகே வைத்தோம். பிறையின் இடது நுனி இரண்டிலும் ஒரே இடத்தில் விளிம்போடு வெட்டுப்பட்டு நிற்கிறது. பிறைக்கு மேலே கடுகளவு ஒரு குழி, அதுவும் இரண்டிலும் அதே இடத்தில்.

இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் காலத்து ஆற்காட்டு ரூபாய் கையால் அடித்தது. கீழ் அச்சின் மேல் வெள்ளித் துண்டை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அச்சு பெரிது, துண்டு சிறிது. ஆகவே ஒவ்வொரு நாணயத்திலும் எழுத்தின் வெவ்வேறு பகுதி விழும். ஒன்றில் பிறை முழுதாக வரும், ஒன்றில் பாதி, ஒன்றில் வரவே வராது. ஒரே வெட்டு, ஒரே குழி என்று இரண்டு நாணயங்கள் பொருந்திவந்தால் அவை ஒரே வார்ப்பில் பிறந்தவை. வேறு விளக்கமே கிடையாது.

அதைவிட மோசம், இரண்டு பிளாஸ்டிக் உறைகளிலும் ஒட்டியிருந்த சான்று எண் ஒன்றே. கியூஆர் குறியீட்டைத் திறந்தால் உங்கள் தளத்திலேயே ஒரே பக்கம் வருகிறது, ஒரே படம், ஒரே "நிபுணர் சரிபார்ப்பு". நண்பர் தன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. நான் உறையைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்ற உங்கள் முதல் பதில் இதோடு முடிகிறது. மூடிய உறைக்குள் இருக்கும் நாணயத்தை எப்படி நிறுப்பது என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் இரண்டாவது பதில், "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே" என்பது. எங்கள் தொழிலிலும் முத்திரை உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து முத்திரை இடுவார். தராசில் பொய் முத்திரை குத்திக் கடைக்காரருக்கு விற்றுவிட்டு, "தராசு செய்தவன் வேறு, நான் வெறும் இடையாள்" என்று நான் சொன்னால் யாராவது விடுவார்களா? விற்பனையாளர் தன் பொருளை அசல் என்று சொன்னது ஒருபுறம் இருக்கட்டும். அது அசல் என்று சொன்னது நீங்கள். அப்படிச் சொன்னதற்காக ஒவ்வொரு நாணயத்துக்கும் "சரிபார்ப்புக் கட்டணம்" என்று தனியாக வசூலித்தும் இருக்கிறீர்கள். ரசீது இணைத்துள்ளேன்.

மூன்றாவதாக ரூ.300க்கு ஒரு நல்லெண்ணக் கூப்பன் வந்தது. உங்கள் தளத்திலேயே செலவு செய்ய வேண்டுமாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழைய நாணயமும் தொல்பொருள். தொல்பொருளை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். இந்த விற்பனையாளரிடம் உரிமம் இருக்கிறதா? நாணயம் அசல் என்று நீங்கள் சாதித்தால் உரிமத்தைக் காட்டுங்கள். உரிமம் தேவையில்லை, இது புதுச் சரக்கு என்றால், என்னை ஏமாற்றியதை ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

பார்சலோடு "இலவசப் பரிசு" என்று ராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818 என்று போட்ட கும்பெனி அரை அணா ஒன்றும் வந்தது. கும்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாளும் இரு நாச்சியார்களும் உண்டு, அது வேறு கதை. இந்தச் செப்புத் தட்டுகளை அதிர்ஷ்டக் காசு என்றும் அரிசியை இழுக்கும் காசு என்றும் சொல்லி, ஏமாந்தவர்களிடம் லட்சக்கணக்கில் பறிக்கிறார்கள். உங்கள் தளத்தில் அதைப் பரிசாகக் கொடுப்பவர்மேல் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

இந்தக் கொள்முதலுக்குப் பிறகு, "உங்களிடம் பழைய நாணயம் இருக்கிறதா, பல லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்புகள் வரத் தொடங்கியுள்ளன. ஒருவர் ரிசர்வ் வங்கியின் பெயரையே சொன்னார். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. இதற்குமுன் எனக்கு இப்படி ஒரு அழைப்பும் வந்ததில்லை. என் தொலைபேசி எண்ணை இந்த விற்பனையாளருக்குக் கொடுத்தீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாணயங்களின் விலை, அனுப்பும் செலவு, சரிபார்ப்புக் கட்டணம் மூன்றையும் நான் பணம் கட்டிய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள், கூப்பனாக அல்ல. விற்பனையாளரின் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் தாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் அதை உங்கள் கடமை என்கின்றன. போலிச் சரக்கைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அந்தச் சான்று எண்ணில் எத்தனை நாணயங்கள் விற்றீர்களோ, வாங்கிய அத்தனை பேருக்கும் தகவல் சொல்லுங்கள். விற்பனைப் பக்கம் இன்று காலை வரை திறந்தேதான் இருக்கிறது, இப்போதும் "ஒன்று மட்டுமே மீதம்."

இந்தக் கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவும் அதே விதிகள் உங்களுக்குக் கெடு வைத்துள்ளன. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வழக்கு உங்கள் தலைமையகம் இருக்கும் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று உங்கள் நிபந்தனைகளில் எழுதியிருப்பதைப் படித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. நண்பரும் என்னோடு சேர்ந்து மனு கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

ரசீதுகளின் நகல், எடை எடுத்தபோது பிடித்த படங்கள், காரட் எந்திரத்தின் அச்சுத்தாள், இரண்டு உறைகளின் சான்று எண் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நாணயங்களைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். பணம் வந்தபிறகு, எழுத்தில் ஒப்புகை கொடுத்து உங்கள் ஆள் நேரில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குமுன் சோதித்துப் பார்க்க யாரையாவது அனுப்புவதானாலும் வரட்டும், முத்திரையிட்ட தராசு கடையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.