ஒன்பது கல்தான் மிச்சம், ஐயா

தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் எங்கள் ஊர் ஓடையின் பழைய கல் வளைவுப் பாலத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

எந்தப் பாலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிப்பர் இடித்த மறுநாள் வந்து போட்டோ எடுத்தீர்கள். குறுக்கே சவுக்குக் கம்பு கட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றினீர்கள். அது ஆடியில். இப்போது புரட்டாசி. ரிப்பன் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது.

அன்று ஓடையில் விழுந்தவை 14 கற்கள். நானே பெயிண்டால் நம்பர் போட்டு வைத்தேன். இன்று 9 இருக்கின்றன. 4ஆம் நம்பர் ஒரு வீட்டில் துணி துவைக்கும் கல். 11 டீக்கடை வாசலில் கிடக்கிறது, நன்றாக உட்காரலாம். கேட்டால், "கவர்மெண்டே எடுக்கல, உனக்கென்ன?" என்கிறார்கள்.

கைப்பிடிச் சுவர் மட்டும் போயிருந்தால் பொறுத்திருப்போம். பக்கச் சுவரும் சரிந்திருக்கிறது. வளைவுக்கு மேல் நிரப்பிய மண்ணை அதுதான் பிடித்து வைத்திருந்தது. மழைக்கு மழை மண் கரைந்து இறங்குகிறது. அந்த மண்ணின் பாரம்தான் வளைவுக் கற்களை ஒன்றோடொன்று இறுக்கி வைப்பது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி அடைமழைக்கு முன் விழுந்த கற்களை எடுத்து அதே இடத்தில் வையுங்கள். சுண்ணாம்புக் காரையில் வையுங்கள்; சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பழைய காரையையும் கெடுத்துவிடும்.

பால் வண்டி இப்போது அக்கரையோடு நின்றுவிடுகிறது. என் அம்மா விடியற்காலை சும்மாட்டில் பால் கேனோடு பாலத்துக்கு வருகிறார். தலையில் கேனோடு உங்கள் கம்புக்கடியில் குனிய முடியாது. இறக்கி வைத்து, அந்தப் பக்கம் நுழைந்து, கேனை இழுத்துக்கொண்டு, தூக்கிவிட யாராவது வரும்வரை நிற்கிறார். போன வாரம் இரண்டு நாள் வண்டி போய்விட்டது. வீட்டில் தயிர் என்றாலே எல்லோரும் எழுந்து ஓடுகிறோம்.

இது பட்டாளம் நடந்த ரோடு, பீரங்கி வண்டி போன பாலம் என்பார் தாத்தா. 1792இல் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீட் கூட ராணுவ அதிகாரிதானே. பீரங்கிக்கு அசையாதது எம்.சாண்ட் லோடுக்கு அசைந்தது. அந்த லோடு எத்தனை டன், பர்மிட் இருந்ததா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்குச் சங்கடம். நான்கு வழிச் சாலையில் லாரி கவிழ்ந்தால் அன்றே கிரேன் வருகிறது. எங்களுக்குக் கிரேன் வேண்டாம், கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக் போதும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. பணிவோடு கேட்பது ஒன்றுதான்: விழுந்த கற்களை எடுத்து அதே இடத்தில் வையுங்கள். டீக்கடை அண்ணனிடம் 11ஐ நான் பேசி வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கற்களை எண்ணிக்கொண்டிருப்பவன்