திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் மேடைப்பேச்சுச் செயலமர்வுகள் நடத்த அனுமதியும் ஒத்துழைப்பும் கோரும் மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்கட்கு,

திருகோணமலை நகரிலும் மூதூர், வெருகல், குச்சவெளிப் பகுதிகளிலும் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பட்டப்படிப்பை முடித்து ஊரில் இருக்கும் இளைஞர் யுவதிகள் சிலரும் சேர்ந்த தன்னார்வக் குழுவின் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். மாவட்டத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில், குறிப்பாக நகரத்துக்கு வெளியே உள்ளவற்றில், தரம் 4 முதல் 13 வரையான மாணவர்களுக்கு மேடைப்பேச்சுச் செயலமர்வுகளைக் கட்டணமின்றி நடத்துவதற்குத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியையும், கீழே விபரிக்கப்படும் சில ஒத்துழைப்புகளையும் வழங்குமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.

மாணவரின் பேச்சாற்றலை வளர்ப்பதற்குப் பாடசாலைகளில் இன்று இருக்கும் பிரதான வாய்ப்பு தமிழ்மொழித் தினப் போட்டியே. பாடசாலை மட்டத்தில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று அது படிப்படியாக உயர்ந்து செல்வதும், அதில் வென்றவர்கள் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் அறிவிப்பாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் விளங்குவதும் நாம் பெருமையோடு கண்டுவருபவை. அந்தப் போட்டியைக் குறைசொல்வது எங்கள் நோக்கமன்று. எங்களில் பலர் அதன் நடுவர்களாகக் கடமையாற்றியவர்கள். ஆனால் போட்டி என்பது ஒருவரைத் தெரிவு செய்வதற்கான ஏற்பாடு. ஒவ்வொரு மட்டத்திலும் முதலிடம் பெறுபவரே அடுத்த மட்டத்துக்குச் செல்ல முடியும் என்பதால், ஆசிரியரின் உழைப்பு முழுவதும் ஏற்கெனவே நன்றாகப் பேசக்கூடிய அந்த ஒரு பிள்ளையின் மீதே குவிகிறது. அப்பிள்ளையும் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக்கொடுத்த உரையை ஏற்ற இறக்கங்களோடும் கையசைவுகளோடும் மனனம் செய்து ஒப்புவிக்கிறது. இடையில் ஒரு வரி மறந்துவிட்டால் அடுத்த வரியும் வருவதில்லை; கண்கலங்கியபடி மேடையை விட்டு இறங்கிய பிள்ளைகளை நடுவர் இருக்கையில் இருந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளோ, தரம் ஒன்றிலிருந்து உயர்தரம் வரை படித்து முடித்தும், ஒருமுறையேனும் பலர் முன் எழுந்து நின்று தம் சொந்தக் கருத்தைச் சொல்லாமலே பாடசாலையை விட்டு வெளியேறுகிறார்கள். எங்கள் செயலமர்வுகள் இந்தப் பிள்ளைகளுக்கானவை.

இக்குறையின் விளைவு பாடசாலைக் காலம் முடிந்த பின்னரே வெளித்தெரிகிறது. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு பெற்ற ஒருவர், கல்வியியற் கல்லூரிக்கோ வங்கி ஒன்றுக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போய், தம்மைப் பற்றிச் சொல்லுமாறு கேட்கப்படும் முதற் கேள்விக்கே பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென ஒரு பீடமே இயங்குகிறது. ஆயினும் எமது மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பல்கலைக்கழகத்தில் தம் முதலாவது ஆய்வு முன்வைப்பைச் செய்யும் நாளில்தான் ஒலிவாங்கியை முதன்முறையாகக் கையில் எடுக்கிறார்கள். உத்தியோகம் ஒன்றே எங்கள் கவலை என்றும் கருதவேண்டாம். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வலை இழப்பைப் பற்றியும், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாய்க்கால் நீரைப் பற்றியும், பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவையில் காணி உறுதியைப் பற்றியும் தெளிவாக எடுத்துரைக்கத் தெரியாதவர்கள், தம் பங்கை இன்னொருவர் வாயால் கேட்க நேர்கிறது. அந்த இன்னொருவர் எப்போதும் அவர்களுக்காகவே பேசுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிள்ளைகள் தம்மைப் பாதிக்கும் விடயங்களில் தம் கருத்தைச் சுதந்திரமாக வெளியிடும் உரிமையைச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அச்சமவாயத்தை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உரிமை தாளில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் பழக்கமும் பிள்ளைக்கு வேண்டும் என்பது ஆசிரியப் பணியில் இருந்த எங்களுக்குத் தெரியும். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கங்களைத் தொடங்கிய மரபும், சுவாமி விபுலாநந்தர் இந்நகரிலேயே அதிபராக இருந்து கல்வி வளர்த்த மரபும் நமக்கு உண்டு. அம்மரபு நகரத்தின் முன்னணிப் பாடசாலைகளின் மண்டபங்களோடு நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறோம்.

அண்மையில், மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், அதிபரின் இசைவோடு பாடசாலை நேரத்தின் பின்னர் ஒரு பரீட்சார்த்த அமர்வை நடத்தினோம். தரம் 8இல் படிக்கும் ஒரு மாணவன், 'கல்வியின் சிறப்பு' என்ற வழமையான தலைப்பைக் கொடுத்தபோது மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவைக்கு வணக்கம் சொன்னதோடு நிறுத்திவிட்டான். பிறகு அவனை உட்காரவைத்து, ஊரில் இரவில் என்ன நடக்கும் என்று பேச்சுவாக்கில் விசாரித்தோம். யானை வரும் என்றான். ஒரு துண்டு மட்டையைக் கொடுத்து, சொல்ல வேண்டியதை மூன்று சொற்களில் மட்டும் எழுதச் சொன்னோம். 'நாய், யானை வெடி, வாழை' என்று எழுதினான். அந்த மட்டையோடு மீண்டும் எழுந்தவன், நாய்கள் ஒரு திசையைப் பார்த்துக் குரைத்ததையும், தகப்பன் யானை வெடியைக் கொளுத்தக் கைநடுங்கி நெருப்புப்பெட்டியைத் தவறவிட்டதையும், விடிந்தபின் வாழைத்தோட்டம் கிடந்த கிடையையும், கடைசியில் மின்சார வேலி எங்கே அறுந்து கிடக்கிறது என்பதையும் தடையின்றிச் சொல்லி முடித்தான். மட்டையை அவன் இரண்டாவது தடவை பார்க்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் எழுந்து நின்று கேட்டார்கள். அந்தப் பிள்ளையிடம் பேச்சு இல்லாமல் இல்லை. அவனிடம் கேட்கப்பட்டதுதான் அவனுடையதாக இருக்கவில்லை.

இந்த அனுபவத்தின் அடிப்படையிலேயே எங்கள் பயிற்சி முறையை அமைத்துள்ளோம். பலர் முன் பேசும்போது நெஞ்சு படபடப்பதும், நாக்கு வரள்வதும், மூச்சு மேலோட்டமாகிக் குரல் நடுங்குவதும் உடல் ஆபத்தை எதிர்கொள்ளும்போது இயல்பாக நடப்பவை. அவற்றை அறிவுரையால் போக்க முடியாது. சிறிய சிறிய அளவில் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதால் தணிக்க முடியும். ஆகவே பிள்ளை முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நிமிடம் சொல்லும், அடுத்து நால்வருக்குச் சொல்லும், பின்னர் வகுப்புக்கு, ஈற்றில் காலைக்கூட்டத்தில் முழுப் பாடசாலைக்கும் சொல்லும். எழுதிக்கொடுத்த உரையும் மனனமும் இல்லை; குறிப்பு மட்டை மட்டுமே உண்டு. வயிற்றால் மூச்செடுப்பது, வாக்கியம் முடிந்த இடத்தில் துணிந்து நிறுத்துவது, கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பது என்பவற்றைப் பேச்சினிடையே பழக்குவோம். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ப் சிமெட்லி தொடங்கிய, மேடைப்பேச்சுப் பழகுவோருக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் நடைமுறைகளில் இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுபவர் தவிர மற்றவர்களுக்கும் நேரம் கணித்தல், மதிப்பிடல், நிகழ்ச்சியை நடத்தல் என்று ஒரு பொறுப்பு இருப்பது ஒன்று. பேச்சாளருக்கு நேரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் உணர்த்துவது மற்றையது. விளக்குகளுக்குப் பதிலாக நிற மட்டைகளே எங்களுக்குப் போதும். மதிப்பிடும் பிள்ளை, நன்றாக இருந்த ஒன்றையும் அடுத்தமுறை திருத்த வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை.

மொழியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பேச்சுவழக்கு உண்டு, அதைக் கேட்டுச் சிரிக்கும் வழக்கம் நகரத்துப் போட்டி மண்டபங்களில் இன்னமும் இருக்கிறது. எங்கள் முதல் அமர்வுகளில் பிள்ளை தன் வீட்டுத் தமிழிலேயே பேசும். லகர, ளகர, ழகர வேறுபாடுகளையும் மேடைக்குரிய செந்தமிழையும் பயம் தெளிந்த பின்னரே கற்பிப்போம். வாய் திறக்கு முன்னரே திருத்தத் தொடங்கினால் அந்த வாய் மூடிவிடும் என்பதில் எங்கள் குழுவில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பின்னைய அமர்வுகளில் உயர்தர மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சியும், விரும்புவோருக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தம்மை அறிமுகம் செய்யும் பயிற்சியும் இடம்பெறும். ஆரம்பப் பிரிவினருக்குக் கதைசொல்லலும், ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுவதும் போதுமானவை.

திக்கிப் பேசும் பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் வற்புறுத்த மாட்டோம். நேரமட்டை அவர்களுக்குக் காட்டப்படாது, தேவையெனில் பேச்சுச் சிகிச்சையாளரை நாடுமாறு பெற்றோருக்குத் தனிமையில் எடுத்துச் சொல்வோம். அமர்வு நடக்கும் நேரம் முழுவதும் பாடசாலை ஆசிரியர் ஒருவர், பெண்பிள்ளைகள் உள்ள குழுவாயின் ஆசிரியை ஒருவர், உடனிருக்க வேண்டும் என்பது எங்கள் தரப்பிலிருந்தே நாங்கள் முன்வைக்கும் நிபந்தனை. பிள்ளைகளின் பேச்சுகளை ஒளிப்பதிவு செய்து முகநூலில் இடுவதற்கு எங்கள் குழுவினர் எவருக்கும் அனுமதி இல்லை.

ஒரு குழுவுக்கு 25 பிள்ளைகளுக்கு மேற்படாமல், ஒரு தவணைக்குள் எட்டு அமர்வுகளை நடத்த எண்ணியுள்ளோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்புகளும் ஆராதனைகளும் இருப்பதால் சனிக்கிழமை முற்பகலே எல்லோருக்கும் பொருந்துகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்கள் அந்நேரத்தில் தனியார் வகுப்புகளுக்குச் செல்வதால் அவர்களுக்கு மட்டும் கிழமை நாளொன்றில் பாடசாலை முடிந்த பின்னர் நடத்தலாம். இதற்காக, திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய ஐந்து வலயங்களின் பணிப்பாளர்களுக்கும் அவர்கள் ஊடாக அதிபர்களுக்கும் தாங்கள் ஓர் அறிவுறுத்தற் கடிதம் அனுப்பிவைக்க வேண்டும். வகுப்பறையோ மண்டபமோ வாடகையின்றி வழங்கப்பட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பங்குபற்றும் ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் விருப்பமுள்ள ஓர் ஆசிரியரை எங்களோடு இணைத்துவிட வேண்டும். நாங்கள் போன பின்னரும் காலைக்கூட்டத்தில் வாரந்தோறும் வெவ்வேறு பிள்ளைகள் பேசுவதை அவரால்தான் தொடர முடியும். தமிழ்ப்பாட ஆசிரிய ஆலோசகர்கள் முதல் அமர்வுகளுக்குச் சமுகமளித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் ஏற்போம்.

பணமாக நாங்கள் எதையும் கேட்கவில்லை, ஒன்றைத் தவிர. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் தென்புறத்துக்கான பயணம் இலகுவாகியிருந்தாலும், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளுக்கும் வடக்கே திரியாய், புல்மோட்டைப் பக்கங்களுக்கும் சனிக்கிழமைகளில் பஸ் போக்குவரத்து போதாது. பயிற்றுநர்கள் பிள்ளைகளிடம் செல்ல வேண்டுமேயன்றிப் பிள்ளைகள் நகரத்துக்கு அலையக்கூடாது என்பது எங்கள் தீர்மானம். ஆகவே அப்பாடசாலைகளுக்குச் செல்லும் நாட்களில் மட்டும் பயிற்றுநர்களின் போக்குவரத்துக்குத் திணைக்கள வாகன வசதியையோ எரிபொருட் செலவையோ வழங்க இயலுமா என ஆராயுமாறு வேண்டுகிறோம். அது இயலாதவிடத்தும் ஏனைய அனுமதிகளைத் தாமதிக்க வேண்டாம். போக்குவரத்துக்கு நாங்களே வழி தேடிக்கொள்வோம்.

அமர்வுத் திட்டம், பயிற்றுநர்களின் தகைமைச் சான்றிதழ்கள், அவர்களின் கிராம உத்தியோகத்தர் நற்சான்றுகள் ஆகியவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த தவணை ஆரம்பமாவதற்கு முன்னர் எங்களை நேரில் அழைத்து விசாரிக்கத் தாங்கள் ஒரு நாளை ஒதுக்கித் தந்தால், மாதிரி அமர்வு ஒன்றைத் தாங்கள் தெரிவுசெய்யும் ஒரு பாடசாலையில், தங்கள் முன்னிலையிலேயே நடத்திக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஓய்வுநிலைத் தமிழாசிரியர்,
தன்னார்வப் பயிற்றுநர் குழுவின் சார்பில்,
திருகோணமலை.

பிரதிகள்: வலயக் கல்விப் பணிப்பாளர்கள் – திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய்.