ஆண்டறிக்கை: டி. பி. முத்துலட்சுமிக்காக ஒரு வருடம்

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

துணை நடிகை ஒருவருக்காக ஒரு வருடத்தையே ஒதுக்க வேண்டுமா என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். நம் தூத்துக்குடியில் பிறந்தவர் என்பதற்காகவாவது சரி என்று தீர்மானம் நிறைவேறியது. ஆனால் படங்களைப் போட்டுப் பார்த்த பிறகு ஊர்ப்பாசத்தைக் காரணம் காட்டத் தேவையே இருக்கவில்லை.

முதலில் 'சந்திரலேகா' (1948). ஜெமினி வாசனின் அந்தப் பிரம்மாண்ட முரசு நடனத்தில் ஆடிய பெண்களில் முத்துலட்சுமியும் ஒருவர். டி. ஆர். ராஜகுமாரிக்கு டூப்பாகவும் ஆடினார். கூட்டத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேட, படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். ஆளுக்கு ஒரு பெண்ணைக் காட்டினார்களே தவிர, முடிவு கிடைக்கவில்லை. அடுத்து மாடர்ன் தியேட்டர்ஸின் 'பொன்முடி' (1950). அதில் அவரைத் தேட வேண்டிய அவசியமில்லை, நகைச்சுவையில் வசனம் பேசும் வேடம்.

'அறிவாளி' (1963) திரையிட்ட மாலைக்குத்தான் அதிகக் கூட்டம். சிவாஜி, பானுமதி நடித்த படம் என்றாலும் வந்தவர்கள் காத்திருந்தது பூரி காட்சிக்கு. தங்கவேலு பூரி சுடும் பக்குவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "அதான் எனக்குத் தெரியுமே" என்பார் முத்துலட்சுமி. ஒரே வசனம்தான், ஆனால் ஒரு தடவை சொன்ன மாதிரி மறு தடவை இருக்காது. தங்கவேலுவின் எரிச்சல் ஏற ஏற, இந்த அம்மாள் முகத்தில் கொஞ்சமும் கலக்கம் கிடையாது. சிரிப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது. மூத்த உறுப்பினர் ஒருவர் இருட்டிலேயே தங்கவேலு பாகத்தைத் தொடங்க, மகளிர் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து மொத்தமாகப் பதில் வந்தது. ஜெனரேட்டருக்கு ஆன செலவைப் பொருளாளர் கணக்கில் காண்க.

அப்புறம், பூரி காட்சியும் 'மன்னார் அண்ட் கம்பெனி' காட்சியும் ஒரே படம் என்று நடந்த வாக்குவாதம் பற்றி ஒரு வார்த்தை. பின்னது 'கல்யாணப் பரிசு' (1959). அதில் தங்கவேலுவுக்கு ஜோடி எம். சரோஜா, நிஜ வாழ்விலும் அவர் மனைவி. இதைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன், இனி சண்டை வேண்டாம்.

முத்துலட்சுமி 2008-இல் காலமானார். அவர் வளர்த்த மகன் டி. பி. கஜேந்திரன் இயக்குநராகவும் நகைச்சுவை நடிகராகவும் பெயர் எடுத்ததை இளைய உறுப்பினர்கள் பலர் இந்த ஆண்டுதான் அறிந்துகொண்டார்கள்.

சந்தா பாக்கி வழக்கம்போல. வரும் ஆண்டுக்கு சி. கே. சரஸ்வதியை முன்மொழிகிறேன். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வடிவாம்பாளை வேறு யார் செய்திருக்க முடியும்? மாற்று யோசனை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்.

இப்படிக்கு,
செயலாளர்